அப்பாவின் பத்தியம் உனக்கு வேண்டாம்

முத்துலட்சுமிக்கு அம்மா எழுதுகிறேன். எப்படி இருக்கிறாய் என்று கேட்டு ஆரம்பிக்க எனக்குக் கை வரவில்லை. நேற்றுத்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து உன்னைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. கண்ணைச் சுற்றிக் கறுத்துப் போயிருக்கிறது. பிள்ளைத்தாய்ச்சி மாதிரி இல்லை, நெடுநாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவள் மாதிரி இருக்கிறாய். ராஜபாளையத்துக்கும் உன் வீட்டுக்கும் என்ன தூரம்? பஸ்ஸில் ஏறி செத்த நேரம் கண்ணை மூடினால் ஊர் வந்துவிடும். இந்தத் தூரத்துக்கு ஒருத்தி கடுதாசி எழுதுவாளா என்று உனக்குத் தோன்றும். நேரில் வந்தால் நம் இரண்டு பேருக்கும் பேச்சு வர மாட்டேன் என்கிறது. போனில் பேசினால் 'ம்' என்கிறாய், 'சரி' என்கிறாய், வைத்துவிடுகிறாய். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பேண்டேஜ் துணி சுருட்டிச் சுருட்டி விரல் மரத்துப் போனவள். பேனாவைப் பிடித்தால் வழுக்குகிறது. ஆனாலும் எழுதிவிட்டால் நீ குறுக்கே பேச முடியாது இல்லையா, அதற்காகத்தான் எழுதுகிறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும், உன் மாமியாரும் படிக்கட்டும், உன்னை மாதிரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு பயந்து உட்கார்ந்திருக்கும் வேறு எந்தப் பிள்ளை படித்தாலும் சரிதான். மறைக்க இதில் ஒன்றுமில்லை.

போன வாரம் மாப்பிள்ளை ஒர்க் ஷாப்பிலிருந்து போன் பண்ணினார். பின்னால் யாரோ வண்டியை முறுக்கிக்கொண்டிருந்தார்கள். "அத்தை, ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன்" என்றார். "சொல்லுங்க மாப்ள" என்றேன். "மூணாம் மாச ரத்தம் பாத்தாச்சு அத்தை. இந்தத் தடவையும் சுகர் வர வாய்ப்பு இருக்குன்னுட்டாக. அன்னையிலருந்து சோத்துல கைய வைக்க மாட்டேங்கா. காலைல ஒரு உருண்டை களி, சாயந்திரம் மோரு. அம்புட்டுத்தான். மாமாவோட சுகர் மிசின வச்சுக்கிட்டு எந்நேரமும் விரலக் குத்திக்கிட்டு இருக்கா." "மிசின் அவகிட்டயா இருக்கு?" என்று கேட்டேன். "ஒங்களுக்குத் தெரியாதா?" என்றார். எனக்குத் தெரியாது. அப்பா இறந்த பதினாறாம் நாள் வீட்டைக் கழுவி ஒதுங்க வைத்தபோது அலமாரியில் அது இல்லை. சாவுக்கு வந்த கூட்டத்தில் யாரோ எடுத்துப் போயிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். நீ எடுத்துப் போனாய் என்று கேட்டதும் முதலில் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்பா ஞாபகமாக வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். போனை வைத்த பிறகுதான் அது ஞாபகத்துக்காக இல்லை என்று உறைத்தது.

முதல் தடவை நடந்தது உனக்குத் தெரியாததில்லை. ஆனால் உள்ளே இருந்தவள் நீ, வெளியே நின்று பார்த்தவள் நான். அதனால் நான் பார்த்ததைச் சொல்கிறேன். மசக்கையில் பச்சைத் தண்ணீர்கூட நிற்கவில்லை என்று உன்னை இங்கே கூட்டி வந்தோம். டாக்டரம்மா வழக்கமாக எடுக்கிற ரத்தத்தோடு இன்னொரு குழாய் ரத்தமும் எடுக்கச் சொன்னார். அப்பாவுக்குச் சர்க்கரை, எனக்கும் எல்லைக்கு வந்து நிற்கிறது, அதனால் இவளுக்கு முன்கூட்டியே பார்த்துவிடலாம் என்றார். ரிப்போர்ட் வந்த அன்றைக்கு மூன்று பேரும் போய் அவர் முன்னால் உட்கார்ந்தோம். "இப்ப சுகர் இல்லம்மா" என்றுதான் ஆரம்பித்தார். அப்பா உடனே எழுந்திருக்கப் பார்த்தார். "இருங்க ஐயா, நான் இன்னும் முடிக்கல. நச்சுக்கொடி வளர வளர, சிலருக்கு உடம்புல இன்சுலின் சரியா வேலை செய்யாது. ஆறாம் மாசம் வாக்குலதான் அது சர்க்கரையாத் தெரியும். ஆனா இப்பவே ரத்தத்துல அதுக்குச் சில சாடை இருக்கும். சிலது கூடியிருக்கும், சிலது குறைஞ்சிருக்கும். இவங்களுக்கு அப்படி இருக்கு."

"வரும்ங்கியளா?" என்று அப்பா கேட்டார்.

"வரலாம்."

"வராமலும் இருக்கலாமா?"

"இருக்கலாம் ஐயா. இந்த மாதிரி ரத்தம் இருக்கிறவங்கள்ல நிறையப் பேருக்கு வருது, சிலருக்கு வராமலும் போகுது."

"இவளுக்கு?" என்று நான் கேட்டேன்.

"அது அப்பத்தாம்மா தெரியும்."

"பொறவு என்னத்துக்கும்மா இப்பவே சொல்லுதிய?" என்று கேட்டுவிட்டேன். நீ மேசைக்குக் கீழே என் தொடையைக் கிள்ளினாய். டாக்டரம்மா கோபப்படவில்லை. முன்னாடியே தெரிந்தால் சாப்பாட்டையும் நடையையும் இப்போதிருந்தே சரி பண்ணலாம், சர்க்கரை பார்க்கிறதையும் தள்ளிப் போடாமல் பார்க்கலாம், அதற்குத்தான் என்றார். நல்ல அம்மா அவர். பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. சோற்றைக் கொஞ்சம் குறைத்துக் காயைக் கூட்டு, பயறு, முட்டை, மோர் எல்லாம் சேர்த்துக்கொள், ஒரே மூச்சில் சாப்பிடாமல் பிரித்துப் பிரித்துச் சாப்பிடு, சாப்பிட்டதும் செத்த நேரம் நட என்றார். நாம் மூன்று பேரும் தலையாட்டினோம். வெளியே வந்தபோது நம் காதில் தங்கியிருந்தது 'குறை' என்ற ஒரு சொல்தான்.

அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நீ அழுதுகொண்டே வந்தாய். பஸ்ஸில் உட்கார்ந்ததும் அப்பா உன் தலையில் கையை வைத்து, "இம்புட்டுத்தான, சக்கரைதான? எனக்குத் தெரியாத சக்கரையா? என்கிட்ட விடு தாயி" என்றார். அவருக்குத் தெரியும்தான். கால் கட்டைவிரலை எடுத்த நாளிலிருந்து அவர் சர்க்கரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர். மில்லில் கூட வேலை பார்த்தவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால் மொய் எழுதிவிட்டு மோர் குடித்துவிட்டு வருவார். பந்தியில் பாயசம் ஊற்ற வருகிறவனிடம் காலைத் தூக்கிக் காட்டி, "ஒரு விரல் குடுத்தாச்சுப்பா, மிச்சத்த வச்சு நடக்கணும், அங்கிட்டுப் போ" என்பார். கேப்பைக் களி, பாகற்காய்ச் சாறு, வெந்தயம் ஊறிய தண்ணீர். வருஷக் கணக்காக அதுதான் அவருக்கு. அதை ஒரு வைராக்கியமாக, ஒரு பெருமையாக வைத்திருந்தார். நம் வீட்டில் சர்க்கரை என்றால் அப்பாவின் சர்க்கரைதான். வேறு மாதிரிச் சர்க்கரை உலகத்தில் இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. வயசான ஆம்பளைக்கு வந்ததும் வயிற்றில் பிள்ளை இருக்கிறவளுக்கு வரப்போவதும் ஒன்று என்று நினைத்துவிட்டோம். அவர் பானையில் உனக்கும் ஒரு பங்கு போட்டோம். கிண்டியது நான்தான்.

சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், அந்த இரண்டு மாதமும் நம் வீட்டில் ஒரே சிரிப்பாக இருந்தது. விடிந்ததும் அப்பாவும் நீயும் அடுப்படியில் எனக்கு எதிரே உட்கார்ந்து விரலைக் குத்திக்கொள்வீர்கள். யாருக்குக் குறைச்சல் என்று போட்டி. "எனக்கு நூத்திப் பத்து, ஒனக்கு?" என்பார். நீ மிசினை மறைத்துக்கொண்டு, "நீங்களே சொல்லுங்க பாப்போம்" என்பாய். "தொண்ணூறு இருக்குமா?" "எழுவத்தி ரெண்டு!" "அடி சண்டாளி, இன்னைக்கும் நீயே ஜெயிச்சிட்ட!" ஜெயித்தவள் களியில் பாதியை மிச்சம் வைப்பாள். தோற்றவர் தானும் பாதியை வைப்பார். நான் இரண்டு தட்டையும் எடுத்து மாட்டுக்காரி வாளியில் கொட்டுவேன். கல்யாணமாகிப் போனபிறகு நீ அவரோடு அப்படி உட்கார்ந்து பேசிச் சிரித்ததே இல்லை. எனக்கும் அது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதனால்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

ஐந்தாம் மாதம் போனபோது டாக்டரம்மா எடை மிசினைப் பார்த்துவிட்டு உன்னை மறுபடி ஏறச் சொன்னார். ஏறினாய். "என்னம்மா இது, வந்தப்ப இருந்ததவிடக் குறைஞ்சிருக்கு" என்றார். அப்பா முந்திக்கொண்டார். "சக்கரையப் பாருங்கம்மா, எம்புட்டு நல்லா இருக்கு. தெனம் நான் பாக்குதேன்." டாக்டரம்மாவுக்கு அன்றைக்குத்தான் கோபம் வந்தது. "ஐயா, அவங்க ஒங்கள மாதிரி நோயாளி இல்ல. உள்ள ஒண்ணு வளருது. அதுக்குச் சோறு வேணும்." "சரிம்மா, சரிம்மா" என்று கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டு வந்தோம். அன்றைக்கு நான் சோறு வடித்து மீன்குழம்பு வைத்தேன். உனக்கு என் மீன்குழம்பு என்றால் உயிர். தட்டில் போட்டு முன்னால் வைத்ததும் ஏதோ பாம்பைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தாய். "இதத் தின்னா நாளைக்கு மிசின்ல ஏறிரும்மா." "ஏறுனா ஏறட்டும்ட்டி, தின்னு." "எனக்குப் பயமா இருக்கும்மா." அப்பா, "விடு, பிள்ளையப் படுத்தாத. டாக்டரு எல்லாருக்கும் பொதுவாச் சொல்லுதாக. நம்ம ரத்தம் நமக்குத் தெரியும்" என்றார். நான் தட்டை எடுத்து வைத்துவிட்டேன்.

ஆறாம் மாதம் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை வந்திருந்தது. ரத்தம் முன்னாடியே என்ன சொன்னதோ அப்படியே வந்திருந்தது. "இம்புட்டு வாயக் கட்டியுமா?" என்று அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். பட்டினி கிடந்தால் இது போகாது, சொல்லப்போனால் அந்தப் பட்டினியே இந்தச் சோதனையில் சர்க்கரையைக் கூடுதலாகக் காட்டும் என்று டாக்டரம்மா சொல்லிப் பார்த்தார். தேவைப்பட்டால் ஊசி போடலாம், பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்றும் சொன்னார். நீ கேட்டுக்கொண்டுதான் இருந்தாய். ஆனால் உனக்குள் வேறொன்று ஓடியிருக்கிறது. நான் இன்னும் சரியாகப் பட்டினி கிடக்கவில்லை, அதனால்தான் வந்துவிட்டது என்று நினைத்திருக்கிறாய். மறுநாளிலிருந்து அரை உருண்டையும் கால் உருண்டை ஆனது. வளைகாப்பு அன்றைக்கு உன் மாமியார் ஊட்டிய சர்க்கரைப் பொங்கலை வாயில் வாங்கி, குனிந்து முந்தானையில் துப்பியதை நான் பார்த்தேன். அத்தனை பேர் முன்னால் நான் என்ன செய்ய?

எட்டாம் மாதத்தில் ஒரு மத்தியானம், நான் துணி சுருட்டிக்கொண்டிருந்தேன். நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, காலைலருந்து அசைவே இல்லம்மா" என்றாய். அதற்குப் பிறகு நடந்ததை நான் எழுதப் போவதில்லை. பையன். உனக்கு இருக்கிற அதே நெற்றி. இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினால் கை நிறையாத அளவுக்குத்தான் இருந்தான். அப்பா டாக்டரம்மாவிடம் போய் நின்று, "சக்கரையாலயாம்மா? சோறு திங்காததாலயாம்மா?" என்று கேட்டார். "எதனாலன்னு என்னால சொல்ல முடியலய்யா. ரெண்டும் இல்லாமக்கூட இருக்கலாம். சில நேரம் காரணமே தெரியாது" என்றார் அந்த அம்மா. பொய் சொல்லி ஆறுதல் பண்ண அவருக்குத் தெரியவில்லை. அப்பா அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் அங்கேயே நின்றார். 'உம்மால்தான்' என்று யாராவது அவர் சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால் அழுது தீர்த்திருப்பார். 'தெரியாது' என்பதை மட்டும் அவரால் விழுங்க முடியவில்லை.

அதன் பிறகு அவர் களி கிண்டச் சொல்லவில்லை. பாகற்காய் வாங்கவில்லை. உன்னைப் பார்க்க வருகிறேன் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் வருவார், நீ அறைக்குள்ளேயே இருப்பாய், மாப்பிள்ளையோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்புவார். வரும்போது பால்கோவா வாங்கி, பஸ் வரும் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்து மொத்தத்தையும் தின்றுவிட்டு வருவார். சட்டையில் வாடை அடிக்கும். "என்னங்க இது?" என்று கேட்டால், "நாக்கு கேக்கு" என்பார். மாத்திரையை எடுத்துக் கொடுத்தால் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். இன்னொரு காலில் சின்னதாகச் செருப்பு கடித்த புண் வந்தது. ஆறவில்லை. மேலே ஏறிவிட்டது. இந்தத் தடவை விரலோடு நிற்கவில்லை, ஆளையே கொண்டுபோய்விட்டது. வருஷம்கூடத் திரும்பவில்லை. ஒரே வருஷத்துக்குள் எனக்குப் பேரனும் இல்லை, அவரும் இல்லை. காலையில் எழுந்தால் அடுப்பைப் பற்ற வைப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நிற்கிறேன். ஒருத்திக்கு எதற்கு அடுப்பு?

இப்போது நீ உண்டாகியிருக்கிறாய் என்று தெரிந்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை முத்து. உன்னிடம் ஒளித்து என்ன ஆகப் போகிறது? சாமி கும்பிட்டேன், ஆனால் கேட்க ஒன்றும் தோன்றவில்லை. போன தடவை கேட்டதெல்லாம் என்ன ஆனது என்று எனக்கும் தெரியும், சாமிக்கும் தெரியும். ரத்தம் எடுத்தார்கள், மறுபடி அதே சாடை என்றார்கள். முதலில் ஒரு தடவை வந்தவளுக்கு அடுத்த தடவையும் வருவதற்கு வாய்ப்பு அதிகமாம், மாப்பிள்ளை சொன்னார். முன்னாடியே தெரிந்துகொள்வது நல்லது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். யாருக்காவது அது உதவியிருக்கும், இல்லாவிட்டால் செய்வார்களா? நம் வீட்டுக்கு வந்தபோது மட்டும் அந்தச் செய்தி நமக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு நாளும் நம் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. வரப்போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து ஒரு வாய் நிம்மதியாக நீ தின்னவில்லை.

நேற்று நான் கேரியரில் சோறும் முருங்கைக்கீரையும் தட்டைப்பயறும் அவித்த முட்டையும் கொண்டு வந்தேன். உன் மாமியார் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "வாங்க மதினி. ஒங்க மகளுக்கு ஒரு வாய் ஊட்டிட்டுப் போங்க, ஒங்களுக்குக் கோயில் கட்டுதேன். எம்மவனுக்குக் கல்ல அவிச்சு வச்சாலும் சோறுன்னு திம்பான். இவளுக்குச் சோத்த வச்சாலும் கல்லுங்கா." சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் கண் கலங்கியிருந்தது. அந்த அம்மாவும் ஒரு பேரனைக் குழிக்குள் வைத்தவர்தான், மறந்துவிடாதே. உள்ளே வந்தேன். நீ கட்டிலில் உட்கார்ந்து விரலைச் சப்பிக்கொண்டிருந்தாய். குத்திக் குத்தி நுனியெல்லாம் கறுத்துக் கிடந்தது.

"சாப்பிடுட்டி" என்றேன்.

"சாப்பிட்டா வராதுன்னு சொல்லு. சாப்பிடுதேன்."

நான் கேரியரைக் கட்டில்மேல் வைத்தேன்.

"சொல்லும்மா. சாப்பிட்டா பிள்ள தங்கிரும்னு சொல்லு."

"எனக்கு எப்பிடித் தெரியும் தாயி?"

"சாப்பிடாட்டா?"

"அதும் தெரியாது."

"பொறவு நான் ஏதாவது ஒண்ணு செய்யணும்லம்மா" என்றாய். "வரப்போகுதுன்னு சொல்லிட்டாக. வார வரைக்கும் கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கச் சொல்லுதியா? இது ஒண்ணுதான் எங்கையில இருக்கு. இதையும் விடச் சொல்லுதியா?"

கேரியரைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள், "என்னக்கா, கீர வாசம் தூக்குது" என்றாள். அவளுக்கு ஒரு வாய் கொடுத்திருக்கலாம். வீட்டுக்கு வந்து கீழே கொட்டினேன். நீ கேட்டதற்கு நேற்று வராத பதில் இன்றைக்கும் முழுசாக வரவில்லை. ஆனால் கொஞ்சம் வந்திருக்கிறது, அதைச் சொல்கிறேன்.

உன் கையில் இருப்பது அது ஒன்றுதான் என்று நினைக்கிறாய். பசி உன் கையில் இல்லை முத்து, நீதான் அதன் கையில் இருக்கிறாய். அப்பா அந்தப் பத்தியத்தை வைத்துத் தன் காலைக் காப்பாற்றினார், அதனால் அது எதையும் காப்பாற்றும் என்று நம்பினார். உன்மேல் இருந்த ஆசையில் தன்னிடம் இருந்ததிலேயே உசத்தியானதை உனக்குக் கொடுத்தார். அது உனக்கு ஆனது இல்லை. அவர் இருந்தால் இதை ஒத்துக்கொள்வாரோ மாட்டாரோ, நான் சொல்கிறேன். அவரை வைது சொல்லவில்லை. அவர் நினைப்பாக வேறு எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள். மிசினைக் கொண்டுபோய் டாக்டரம்மாவிடம் காட்டு. எந்த வேளைக்குக் குத்த வேண்டும், எத்தனை இருந்தால் சரி என்று அவர் சொல்லட்டும், அம்புட்டு மட்டும் குத்து. குறைந்தால் அது ஜெயிப்பு இல்லை என்றும் கேட்டுத் தெரிந்துகொள். ஊசி போடச் சொன்னால் போட்டுக்கொள், ஊசி என்றதும் அப்பா கால் உன் கண்ணுக்கு வர வேண்டாம். இதெல்லாம் செய்தும் வரலாம். வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், அதையும் பார்க்க ஆஸ்பத்திரியில் ஆள் இருக்கிறார்கள். எல்லாம் சரியாகிவிடும் என்று எழுத எனக்கு ஆசைதான். எழுதினால் நீ நம்ப மாட்டாய், எனக்கும் நம்பிக்கை இல்லை. இந்தப் பிள்ளை தங்கும் என்ற வார்த்தை என் வாயில் வர மாட்டேன் என்கிறது. அதைச் சொல்லி உன்னைச் சாப்பிட வைக்க என்னால் முடியாது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த ஆஸ்பத்திரியில், பையனைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுபோன பிறகு, நீ கண்ணைத் திறந்து முதலில் என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? பிள்ளை எங்கே என்று கேட்பாய், அதற்கு என்ன சொல்வது என்று நான் பயந்துகொண்டிருந்தேன். நீ என் கையைப் பிடித்து, "அம்மா, பசிக்கும்மா" என்றாய். நான் ஓடிப்போய்க் கேண்டீனில் இட்லி வாங்கி வந்தேன். பிய்த்து ஊட்டக்கூட நீ விடவில்லை. இரண்டு கையாலும் எடுத்து, சாம்பார் முழங்கையில் வழிய, அழுதுகொண்டே தின்றாய். மாதக் கணக்கில் அடக்கி வைத்த பசி அவ்வளவும் அங்கே இருந்தது. ஒரு மகள் சாப்பிடுவதை அப்படி எந்தத் தாயும் பார்த்திருக்க மாட்டாள். பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக வந்திருந்தவள் ஒருத்தி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, "பிள்ள போன வேளையில இந்தத் தீனி திங்காளே, என்ன பொம்பள இவ" என்று இன்னொருத்தியிடம் சொன்னாள். எனக்குக் கேட்டது. உனக்கும் கேட்டிருக்கிறது. அரை இட்லி மிச்சம் இருந்தது. தட்டைக் கட்டிலுக்குக் கீழே வைத்தாய். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாய்.

அவளை அன்றைக்கே நாலு வார்த்தை கேட்காமல் வந்துவிட்டேன், என் உடம்பில் அப்போது தெம்பில்லை. இப்போது சொல்கிறேன். அந்த ஆஸ்பத்திரியில் அன்றைக்கு நடந்ததில் நீ தின்றது ஒன்றுதான் எனக்குப் பொறுத்துக்கொள்ள முடிகிற மாதிரி இருந்தது. அதில் தப்பில்லை. வெட்கமில்லை. பிள்ளைமேல் பாசம் இல்லாததால் வந்த பசி இல்லை அது. நீ உயிரோடு இருந்தாய், அதனால் பசித்தது. இப்போதும் உயிரோடுதான் இருக்கிறாய்.

உள்ளே இருக்கிற பிள்ளைக்காகச் சாப்பிடு என்று எல்லாரும் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். அது இருக்குமோ போகுமோ, அந்தக் கணக்கு என்னிடமும் இல்லை, எடுத்த ரத்தத்திலும் இல்லை. நீ என் பிள்ளை. எனக்கு மிச்சம் இருப்பது நீ ஒருத்திதான். உனக்குப் பசிக்கிறது. அதற்காகச் சாப்பிடு.

உன் அம்மா